அந்தோனியாருக்கு ஒரு நாள் பாக்கி

என் அத்தான் நக்லே ஒரு வருஷம் துறவியாக இருந்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் துறவி. அதற்குப் பிறகு என் அக்காவின் புருஷன், நுஹாத் என்கிற பெண்ணுக்குத் தகப்பன், கெனெமாவில் இருந்த லெபனான்காரர்களிலேயே வாய் அதிகமான ஆள். ஒரு வருஷம் என்பது ஊருக்குச் சொல்வது. உண்மையில் ஒரு நாள் குறையும். அந்த ஒரு நாளுக்கு நானும் உடந்தை.

அக்காவின் பெயர் கஃபா. எங்கள் மொழியில் 'போதும்' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும் அப்பா கடவுளுக்கு விடுத்த எச்சரிக்கை அது. கடவுள் பயந்துபோய் அடுத்த தடவை என்னை அனுப்பினார். "பயத்துல அவசரமா அனுப்பின சரக்கு, அதான் இப்படி இருக்கு" என்பார் அத்தான். பத்தொன்பது வயதில் மலையிலிருந்து இறங்கி, பெய்ரூத்தில் கப்பலேறி, சியரா லியோனுக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தவன் நான். பன்னிரண்டு வருஷமாக அதே கடையில் துணி கிழிக்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டினால் அக்கா ராஜ்ஜியம். மண்ணெண்ணெய் டின்களில் கொத்துமல்லி மாதிரி ஒரு கீரை வளர்த்தாள். அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இறங்காது. ஆட்டுக்கறியையும் கோதுமை ரவையையும் இடிக்க எங்கள் ஊர்க் கல்லுரலுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டில் மரவள்ளிக் கீரை இடிக்கிற மர உரலைத்தான் இரவல் வாங்குவாள். எங்கள் கறி உருண்டையில் எப்போதும் கொஞ்சம் மரவள்ளி வாசம் அடிக்கும். அது இல்லாமல் எனக்கு இப்போது பிடிப்பதில்லை.

அத்தானுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆள் வருவதற்கு முன்னால் தொப்பை வரும். வசவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருவனைத் திட்ட ஆரம்பித்தால் அவன் தாத்தாவின் கழுதையில் தொடங்கி இன்னும் பிறக்காத பேரன் வரை வந்து நிற்பார். பூசைக்கு வருவார், ஆனால் வாசலோரம் உட்காருவார். அவருடைய மதம் ஒரே வாக்கியம்: "கடவுள் இருக்கார். ஆனா இந்த ஊருக்கு வர்றதில்ல. இந்த வேக்காட்டுல யார் வருவா?"

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஈஸ்டர் முடிந்த வாரம் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா எங்களுக்கு விருந்தாளி மாதிரி, வரும், நாலு நாள் இருக்கும், போகும். ஆனால் இந்தத் தடவை மூன்றாம் நாள் மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. அப்படிப் போனால் தச்சனைக் கூப்பிட்டுச் சவப்பெட்டிக்கு அளவெடுக்கச் சொல்லலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முந்தின வருஷம்தான் பிளாமாவில் கடை வைத்திருந்த நவூமை இதே காய்ச்சல் கொண்டுபோக, மிஷன் கோயிலுக்குப் பின்னால் புதைத்திருந்தோம். டிஸ்பென்சர் கொரோமா வந்தார், ஊசி போட்டார், யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

அன்று மத்தியானம் அக்கா கட்டில் காலடியில் மார் அந்தோனியோஸ், அதாவது அந்தோனியார் படத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசத் தொடங்கினாள். நான் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தேன். முதலில் மெழுகுவத்தி. சாமி அசையவில்லை. பிறகு கைவளையல். அதற்கும் அசையவில்லை. ஊருக்குப் போனதும் கோயில் வரை வெறுங்காலோடு ஏறுகிறேன் என்றாள். அத்தானுக்குப் பல் கிட்டிக்கொண்டது. அக்கா எழுந்து நின்றாள்.

"சரி, இவனுக்கு உன் அங்கியைப் போட்டு விடறேன். ஒரு வருஷம். உன் திருநாள்லேர்ந்து உன் திருநாள் வரைக்கும். போதுமா?"

கால் மணி நேரத்தில் அத்தானுக்கு வேர்த்து ஊற்றியது.

எங்கள் பக்கத்தில் இந்த நேர்த்திக்கடன் எல்லாம் குழந்தைகளுக்குத்தான். நோயில் பிழைத்த குழந்தைக்கு அந்தோனியார் மாதிரி பழுப்பு அங்கியும் இடுப்புக் கயிறும் போட்டு ஒரு வருஷம் நடமாட விடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும். நூற்றைந்து கிலோ துணிக்கடைக்காரனுக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை மலையிலும் யாரும் பார்த்ததில்லை.

எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற அளவுக்கு ஆனதும் அத்தானிடம் விஷயம் சொல்லப்பட்டது.

"யாருக்கு அங்கி?"

"உனக்கு."

"யாரு வேண்டிக்கிட்டா?"

"நான்."

"அப்ப நீ போட்டுக்க."

"காய்ச்சல் யாருக்கு வந்துச்சு?"

அத்தான் கொஞ்ச நேரம் கஞ்சியைக் கலக்கினார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடந்த. மறுக்கல."

நான் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த வருஷம் முழுக்க நான் அப்படித்தான் சிரித்தேன்.

அத்தான் சமரசத்துக்கு வந்தார். நம் கடையிலேயே மெல்லிய பழுப்புப் பருத்தி இருக்கிறதே, அதில் தைத்துக்கொள்கிறேன் என்றார். அக்கா அந்தத் துணியை விரலால் தொட்டுவிட்டு, "அந்தோனியார் என்ன சல்லாத்துணியா உடுத்திக்கிட்டு அலைஞ்சாரு?" என்றாள். ஊருக்குக் கடிதம் போயிற்று. பனி பெய்கிற மலையில் போடுகிற கம்பளித் துணி கப்பலில் கிளம்பியது. ஆறு வாரம் அத்தான் கடலுக்குப் புயல் வேண்டி ஜெபித்தார். அவர் மனசாரச் செய்த ஜெபம் அது ஒன்றுதான். கப்பல் இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது.

தையல்காரர் மோமோ தொப்பையைச் சுற்றி நாடாவைப் பிடித்துவிட்டு, "பாஸ், இது சட்டையா, கூடாரமா?" என்று கேட்டார். "சவக்கோடி. தைடா" என்றார் அத்தான்.

மந்திரிக்க வேண்டிய ஃபாதர் டெவ்லின் அயர்லாந்துக்காரர். அவருக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாது. அங்கியைத் தூக்கிப் பார்த்தார், கனத்தில் கை தாழ்ந்தது.

"அம்மா, இந்த அங்கியை எங்க ஊர்ல குளிருக்குத்தான் போடுவாங்க" என்றார்.

"நீங்க மந்திரிங்க ஃபாதர். வேர்க்கிறது அவன் பாடு."

"ஒருத்தர் முதுகுல இன்னொருத்தர் வேண்டுதல் வைக்கலாமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"உங்களுக்குக் கல்யாணம் ஆகலையே ஃபாதர், அதான் சந்தேகம்."

அவர் தீர்த்தம் தெளித்தார்.

ஜூன் பதின்மூன்று, அந்தோனியார் திருநாள். அத்தான் அங்கியோடு கடைக்குள் வந்தார். வெளியே மழை, உள்ளே புழுக்கம். அங்கிக்கு அடியில் ஒரு அரைக்கால் டிராயர் மட்டும்தான். பத்து நிமிஷத்தில் ஈர ஆட்டு வாசம் கடை முழுக்க வந்துவிட்டது. தெருவில் போன பிள்ளைகள் "ஃபாதா! ஃபாதா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தன. நாலு நாளில் ஊரே அவரை ஃபாதா நக்லே என்று கூப்பிட ஆரம்பித்தது.

வியாபாரம் பண்ண முடியவில்லை. சந்தையில் வெங்காயம் விற்கிற யேபு வந்து, இடுப்பில் சுற்றிக்கட்டுகிற லப்பா துணி ஒன்றுக்கு விலை கேட்டாள். அத்தான் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு இந்த விலையைச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"சட்டை வேற, விலை வேற தாயே."

"உன் சாமிகிட்ட அப்படியே சொல்லட்டுமா? ஃபாதா நக்லே விதவைகிட்ட கொள்ளையடிக்கிறாரு, சாமி வேற, கொள்ளை வேறங்கறாருன்னு?"

"உன் புருஷன் உசுரோட இருக்கானே!"

"இந்த விலையைக் கேட்டா செத்துருவான்."

பாதி விலைக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டுச் சந்தையே வந்தது.

திட்டவும் கூடாது என்பது அக்காவின் சட்டம். அங்கி போட்டிருக்கும்போது கெட்ட வார்த்தை வந்தால் அது சாமி வாயிலிருந்து வந்த மாதிரியாம். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அத்தான், மூன்றாம் வாரம் ஒரு வழி கண்டுபிடித்தார். லாரிக்காரன் மண்ணெண்ணெயைச் சிந்திவிட்டான். அத்தான் நிதானமாக வலது கையைச் சட்டைக் கையிலிருந்து உள்ளே இழுத்து, கழுத்து வழியாக வெளியே எடுத்தார். "இந்தக் கை வேண்டுதல்ல இல்ல" என்றார். பிறகு அந்தக் கையை ஆட்டி ஆட்டி, உன் வீடு நாசமாப் போக என்று தொடங்கி, ஏழு தலைமுறையை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தார். முடித்ததும் கையை மறுபடி உள்ளே விட்டு, மாட்டிக்கொண்டு, கயிற்றைச் சரிசெய்து, "கர்த்தர் உன்னோடு இருப்பாராக" என்றார். அதைப் பார்க்கவே ஆட்கள் வேண்டுமென்று எதையாவது சிந்தினார்கள்.

அவருக்கு உண்மையிலேயே வலித்தது வியாழக்கிழமைதான். ஒவ்வொரு வியாழனும் சாயங்காலம் எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து சீட்டு ஆடுவோம். அத்தான் அங்கியோடு போய் உட்கார்ந்தால், ஜெயித்தால் "அந்தோனியார் கூட இருக்காரு, இது போங்கு" என்பார்கள். தோற்றால் "சாமியே கைவிட்டுட்டார்" என்பார்கள். ஃப்ரீடவுனில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த நுஹாத் கிறிஸ்துமஸுக்கு வந்தவள், தகப்பனைப் பார்த்துவிட்டு விடுமுறை முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

உடம்பும் கெட்டது. கழுத்தைச் சுற்றி வேர்க்குரு, அக்குளில் கொப்பளம். கொரோமா வந்து பார்த்துவிட்டு, "இதைக் கழட்டலைன்னா ஆள் தாங்க மாட்டார்" என்றார். அக்கா, "கழட்டினாத்தான் தாங்க மாட்டார்" என்றாள். அவள் கொப்பளத்துக்கு மருந்து போட்டாள், வேர்க்குருவுக்குத் தயிர் தடவினாள், அங்கியைக் கழற்றுகிற பேச்சை மட்டும் எடுக்க விடவில்லை. பிடிவாதம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், போ ஊருக்குத் துணி எடுக்கப் போக வேண்டியிருந்தது. நானும் அத்தானும் லாரியில் கிளம்பினோம். இரண்டாவது வளைவு திரும்பியதும் நான் சொன்னேன்.

"அத்தான், போவுல உங்களை யாருக்குத் தெரியும்? கழட்டி மூட்டையில போடுங்க. ஒரு நாள் மனுஷனா இருங்க."

"உங்க அக்கா?"

"அக்காவுக்கு ரெண்டு வளைவு தாண்டிக் கண்ணு தெரியுமா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓடுகிற லாரியிலேயே அங்கியைத் தலை வழியாக உருவி, நாலாக மடித்து, சாக்கில் போட்டார். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டதும் நெஞ்சில் காற்று பட்டதற்கே சிரித்தார். அன்று முழுக்கச் சிரித்தார். துணி எடுத்தோம், எங்கள் ஆள் ஒருவன் வீட்டில் சீட்டு ஆடினோம். அத்தான் இரண்டு கையாலும் திட்டினார். எங்கள் ஊர் அரக் சாராயம் குடித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. திரும்பும்போது வளைவுக்கு முன்னால் லாரியை நிறுத்தி, துறவியானார்.

லாரியில் யாரோ ஏற்றியிருந்த சிவப்புப் பாமாயில் டின் ஒழுகியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா அங்கியைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். முன்பக்கம் இரண்டு கறை, பின்பக்கம் இரண்டு கறை. நாலும் ஒரே அளவு, ஒரே வடிவம். துணிக்கடைக்காரன் பெண்டாட்டி அவள்.

"போட்டிருந்தா ஒரு எடத்துலதான் கறை படும்" என்றாள். "மடிச்சு வெச்ச துணியிலதான் நாலு மடிப்புலயும் இப்படி எறங்கும்."

அங்கியை எங்கள் இருவர் பக்கமும் தள்ளினாள்.

"யாரோட யோசனை?"

நான் வாயைத் திறப்பதற்குள், "என்னோடது" என்றார் அத்தான்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு வரை அதற்கு வெட்கப்படுகிறேன்.

அக்கா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "நவூம் பெண்டாட்டிக்குக் கறுப்பு உடுப்பு தைச்சுக் குடுத்தேன். மிச்சத் துணி அலமாரியில இருக்கு. எனக்குப் பத்தும். சொல்லு நக்லே, இப்பவே எடுத்து வெளிய வெச்சுக்கறேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

எங்கள் மலையில் யாரையாவது கொஞ்சுவதென்றால் 'நீ என்னைப் புதைக்கணும்' என்போம். உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும், நீ இல்லாத ஊரில் என்னால் இருக்க முடியாது என்று அர்த்தம். பிள்ளையை, புருஷனை, பூனைக்குட்டியைக் கூட அப்படித்தான் கொஞ்சுவோம். அக்கா அதைச் சாப்பிடக் கூப்பிடும்போது சொல்வாள், சட்டைப் பொத்தான் தைக்கும்போது சொல்வாள், ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வாள், அத்தான் காதில் அது ஏறியதே இல்லை. அன்று அவள் அதைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை. அங்கியை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்தாள், கறை போகவில்லை. அவளுக்குப் பிடிவாதமெல்லாம் இல்லை, வெறும் பயம்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷன் உயிர் அந்தத் துணியில் தொங்குகிறது என்று அவள் முழுசாக நம்பினாள்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்த பிறகும் அத்தான் அங்கியைக் கழற்றவில்லை. அதோடேயே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை ஓடியது.

"சாப்புடு கஃபா. நான் சாகல. செத்தா யாரு உன்னைத் திட்டுறது?"

"கை உள்ள இருக்கா?"

"ரெண்டு கையும் உள்ளதான் இருக்கு."

அக்கா தட்டை எடுத்தாள். அதற்குப் பிறகு ஜூன் வரைக்கும், வெயிலானாலும் மழையானாலும், அவர் அந்தக் கையை வெளியே எடுக்கவே இல்லை. கடை நஷ்டத்தில் ஓடியது, ஊர் மண்ணெண்ணெயைச் சிந்திச் சிந்திப் பார்த்து அலுத்துப்போயிற்று.

திருநாளன்று அங்கியைக் கோயிலில் ஒப்படைத்தோம். ஊரே வந்தது. யேபு முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள், இனிமேல் பழைய விலைதான் என்று. ஃபாதர் டெவ்லின் அங்கியை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மழை ஈரம் படாமல் இருக்க ஆர்மோனியத்தின் மேல் போர்த்திவிட்டார். அன்று சாயங்காலம் அத்தான் வீட்டு முற்றத்தில் டிராயரோடு நின்று ஒரு வருஷத்து வசவை மொத்தமாகத் திட்டித் தீர்த்தார். யாரைத் திட்டுகிறார் என்று குறிப்பாக இல்லை. பொதுவாகத்தான்.

ஆகஸ்ட்டில் அக்கா படுத்தாள்.

மூன்றாம் நாள் அதே காப்பி நிறம். கொரோமா அதே ஊசியைப் போட்டுவிட்டு அதே மாதிரி முகத்தைப் பார்க்காமல் போனார். மழை ஒரு வாரமாக விடவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டம்மாவை அக்காவிடம் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால் அத்தானைக் காணோம். கடையில் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த நேரத்தில் எங்கே போனான் இந்த மனுஷன் என்று திட்டிக்கொண்டே நனைந்து ஓடினேன். சீட்டு ஆடுகிற வீட்டில் போய்ப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட ஆள் நான்.

கோயிலில் இருந்தார். ஆர்மோனியத்தின் மேலிருந்த அங்கியை உருவிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்தோனியார் சிலைக்கு முன்னால் நின்று, சந்தையில் கேட்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, அந்தோனி. நீ வெளியூர்க்காரன். எங்க பேச்சு உனக்குப் புரியாது. இருபது வருஷமா அவ என்னைப் பாத்து 'நீ என்னைப் புதைக்கணும், நீ என்னைப் புதைக்கணும்'னு சொல்லிக்கிட்டு இருந்தாளே, அது வேண்டுதல் இல்லய்யா! கொஞ்சறது! பூனையைக்கூட அப்படித்தான் கொஞ்சுவா. அதைப் போய் நீ எழுதி வெச்சுக்கிட்டியா? அழிச்சுரு."

மழை தகரத்தில் கொட்டியது. அத்தான் மூக்கைச் சிந்தினார்.

"ஒரு வருஷம் போட்டேன். ஒரு நாள் கொறையுது. ஒத்துக்கறேன். அதுக்கு இதுவா? மறுபடியும் ஒரு வருஷம் நானே போடறேன்." கொஞ்ச நேரம் சிலையின் முகத்தைப் பார்த்தார். "ஏற்கெனவே போட்ட ஆளையே திரும்பக் குடுத்தா உனக்கும் என்ன லாபம்? சரி, இப்படி வெச்சுக்குவோம். ஃபாரிஸ் போடுவான். இவளோட தம்பி. இவ பெத்த பிள்ளை மாதிரி. அன்னிக்குப் போவுக்குப் போனப்ப கழட்டச் சொன்னதும் அவன்தான். ஒல்லியா இருக்கான், துணி மிச்சம்."

ஃபாரிஸ் நான்தான்.

"யாரைக் கேட்டுச் சொல்றீங்க?" என்று வாசலிலிருந்து கத்தினேன்.

அத்தான் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்னை மட்டும் யாரைக் கேட்டுடா சொன்னாங்க?"

எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. இந்தக் காலத்தில் யாராவது, கொரோமாவின் ஊசி இருக்கும்போது, ஒரு துணியில் என்ன இருக்கிறது. ஆனால் நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அக்கா அங்கே நடுங்கிக்கொண்டு கிடக்கிறாளோ என்கிற எண்ணம் மூன்று நாளாக என் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது. அதை இந்த மனுஷன் சிலைக்கு முன்னால் சத்தமாகச் சொல்லிவிட்டார். நான் சிரித்துக்கொண்டே திரிந்தவன், முழங்கால் போட்டேன். பயந்துபோய்த்தான் போட்டேன். "போடறேன். அவளை விட்டுரு" என்றேன்.

அங்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இருவரும் ஒரே குடைக்குள் போவது போல மழையில் வீட்டுக்கு வந்தோம். அது ஒரு சொட்டு நீரையும் தடுக்கவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் அக்காவுக்கு வேர்த்தது. நெற்றியில் முத்து முத்தாக வந்தது, கழுத்து நனைந்தது, தலையணை நனைந்தது. கொரோமாவின் ஊசிதான் காரணம். எனக்கும் தெரியும். கொரோமா மறுநாள் வந்து அதையே சொன்னார், நானும் ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை கண்ணைத் திறந்த அக்கா, நாற்காலியில் ஈரம் சொட்டிக் கிடந்த அங்கியைப் பார்த்தாள்.

"யாருக்கு?"

அத்தான் கட்டை விரலால் என்னைக் காட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். உதடு வெடித்திருந்தது. நெற்றியைத் தொட என்னை அருகில் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். தோளிலிருந்து முழங்கால் வரை சாண் போட்டு அளந்தாள்.

"நீளம் அதிகம். நவூம் பெண்டாட்டிக்குத் தைச்ச மிச்சம் அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வா. முழங்கையில கிழிஞ்சிருக்கு" என்றாள்.

நாலு நாள் கழித்து எழுந்து உட்கார முடிந்ததும், விதவையானால் உடுத்துவதற்கென்று வைத்திருந்த அந்தக் கறுப்புத் துணியை வெட்டி, அங்கிக்கு இரண்டு ஒட்டுப் போட்டாள். ஓரத்தை மடித்துத் தைத்தாள். கை நடுங்கியதால் தையல் கோணல்மாணலாக இருக்கிறது. அதைப் பிரித்துத் திருப்பித் தைக்க நான் விடவில்லை.

இதை எழுதுகிற இன்று தேதி மார்ச் ஒன்பது. நிழலிலேயே வேகிறது, அங்கிக்குள் இருக்கிற என்னைக் கேட்கவே வேண்டாம். காலையில் யேபு வந்தாள். அத்தான் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக என் பக்கம் வந்து விலை கேட்டாள். அத்தான் கல்லாவில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, விசிறிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு நாள் கையை வெளியே எடுத்துவிடுவேன். ஆனால் ஆகஸ்ட்டிலிருந்து அவர் வியாழக்கிழமை சீட்டுக்கு வருவதில்லை, கோயில் பக்கம் போய்விடுகிறார். கேட்டால் முழங்கால் வலி என்கிறார். சீட்டு ஆடுவதற்கு முழங்கால் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள். இப்போதெல்லாம் அவள் அந்தக் கொஞ்சலைச் சொல்ல வாயெடுத்தால் அத்தான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்திவிடுகிறார்.